மில் ஹில் வானாய்வகத்தின் இரண்டு இரவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை மாலை, கிரீன்விச் நேரப்படி ஏறத்தாழ 7.20 மணிக்கு, லண்டன் பல்கலைக்கழக வானாய்வகத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு செய்முறை வகுப்பில், எம் 82 என்னும் விண்மீன் திரளின் படத்தில் அதுவரை அங்கே இல்லாத ஒரு புள்ளி தென்பட்டது. ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் வெடித்துச் சிதறிய ஒரு வெண்குறு விண்மீனின் ஒளி அது. எஸ்என் 2014ஜே என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்த சூப்பர்நோவா, அதன் வகையில் பல பத்தாண்டுகளில் நமக்கு மிக அருகே நிகழ்ந்தவற்றுள் ஒன்று. அதை முதலில் அடையாளம் கண்டவர்கள் ஸ்டீவ் ஃபாசி என்ற ஆசிரியரும் அவரிடம் பயின்ற நான்கு இளநிலை மாணவர்களும். அவர்கள் கையாண்டது 35 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி, வசதியுள்ள தனிநபர்கூடக் கடையில் விலைக்கு வாங்கக்கூடிய வகையைச் சேர்ந்தது.

உலகச் செய்தி நிறுவனங்கள் இதைத் தற்செயலாக வாய்த்த அதிர்ஷ்டம் என்றே எழுதின. வகுப்பின்போது தாங்கள் பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக மாணவர் ஒருவர் சொன்னது செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. தற்செயல் என்பது பாதி உண்மை. அதே வானாய்வகம் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 2009 பிப்ரவரியில், முற்றிலும் திட்டமிட்ட ஓர் இரவுநேர அளவீட்டின் மூலம் ஒரு புறக்கோள் (சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) தன் விண்மீனின் குறுக்கே கடப்பதைப் பதிவுசெய்திருந்தது. ஒன்று எதிர்பாராதது, மற்றொன்று முன்கூட்டியே கணிக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒளிமாசு நிறைந்த ஒரு மாநகர விளிம்பில், கற்பித்தலையே முதன்மைப் பணியாகக் கொண்ட ஒரு வானாய்வகம் ஏன் இரு முறை முன்னணிக்கு வந்தது என்பதற்குக் காரணம் சொல்ல முடியும். அந்தக் காரணத்தைத் தேடுவதே இவ்வாய்வின் நோக்கம்.

இடமும் கருவிகளும்

லண்டனின் வடமேற்குப் புறநகரான மில் ஹில்லில், வாகனங்கள் ஓயாமல் விரையும் வாட்ஃபோர்டு வே சாலையை ஒட்டி இந்த வானாய்வகம் 1929-இல் திறக்கப்பட்டது. அயர்லாந்தின் டாரமோனா என்ற இடத்தில் சொந்தமாக ஒரு வானாய்வகம் அமைத்திருந்த வில்லியம் எட்வர்டு வில்சனின் 24 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியை, அவர் மறைவுக்குப் பின் அவருடைய குடும்பத்தார் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தனர். அதை நிறுவுவதற்காகவே இந்தக் கட்டடம் எழுந்தது. விண்மீன் ஒளியை மின்முறையில் அளக்கும் தொடக்ககால முயற்சிகள் 1890-களில் டாரமோனாவில் இத்தொலைநோக்கியைக் கொண்டு நடந்தன என்பது, ஒளியளவீட்டுக்கே பின்னாளில் பெயர்பெற்ற ஓர் இடத்துக்குப் பொருத்தமான முன்கதை.

அடுத்தடுத்து வந்தவையும் பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய கருவிகளே. 1862-இல் யார்க் நகரின் குக் நிறுவனம் செய்த 8 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி, அளித்தவரின் பெயரால் ஃப்ரை தொலைநோக்கி என்று வழங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு இடம்பெயர்ந்தபோது, டப்ளினில் கிரப் நிறுவனம் 1901-இல் செய்துகொடுத்த அதன் இரட்டைத் தொலைநோக்கி மில் ஹில்லுக்கு வந்து 1938-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே தாங்கியில் படமெடுக்க 24 அங்குல வில்லையும் கண்ணால் காண 18 அங்குல வில்லையும் பொருத்திய அந்த நீண்ட குழாய் இன்றும் அங்கே இருக்கிறது. வில்சன் தொலைநோக்கியின் இடத்தை 1974-இல் ஆலன் எதிரொளிப்புத் தொலைநோக்கி எடுத்துக்கொண்டது. 1951 முதல் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் நிர்வகித்துவந்த இவ்வானாய்வகம், 2015-இல் அக்கல்லூரியின் பெயரையே ஏற்றது.

குளிர்கால மாதங்களில் குறிப்பிட்ட சில மாலைகளில் பொதுமக்களும் முன்பதிவு செய்து இங்கே வரலாம்: ஓர் உரை, குவிமாடங்களைச் சுற்றிப் பார்த்தல், வானம் தெளிவாக இருந்தால் தொலைநோக்கி வழியே நேரடிக் காட்சி. லண்டன் மாலைகளில் தெளிந்த வானம் அரிது என்பதால் மூன்றாவது பகுதி பெரும்பாலும் வானிலையின் தயவில்தான் நடக்கும். கிடைக்கும்போது நிலவின் பள்ளங்களும், வியாழனின் பட்டைகளும், ஓரியன் நெபுலாவின் சாம்பல் நிறப் படலமும் எவருக்கும் ஏமாற்றம் தருவதில்லை. தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் நிலை வேறு. எம் 82-ஐ இப்படிப்பட்ட வானத்தில் 8 அங்குலத் தொலைநோக்கி வழியே பார்ப்பவருக்கு, இதழ்களில் அச்சாகும் சிவப்பு நாக்குகள் எதுவும் தெரியாது. பென்சில் கோடு ஒன்றைத் துணியால் துடைத்துவிட்டதுபோல் ஒரு நீள்வெளிச்சம் மட்டுமே தெரியும். அந்த வெளிச்சத்தை முதலில் கண்டவர் யோஹன் போடே, ஆண்டு 1774.

இந்தப் பொதுநிகழ்ச்சிகளை ஆராய்ச்சிக்குத் தொடர்பில்லாத சேவை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அது சரியல்ல என்று நினைக்கிறேன். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழைய கருவிகளை இயங்கும் நிலையில் வைத்திருப்பதும், வானத்தின் எந்தப் பகுதி எந்த நேரத்தில் எந்தத் திசையில் இருக்கும் என்பதைக் கணினியைக் கேட்காமல் சொல்லக்கூடிய ஆட்கள் தொடர்ந்து பணியில் இருப்பதும், பார்வையாளரையும் முதலாண்டு மாணவரையும் மனத்தில் வைத்தே நடக்கின்றன. பெரிய மலையுச்சி வானாய்வகங்களில் ஆராய்ச்சியாளர் பலர் தாம் பயன்படுத்தும் தொலைநோக்கியை நேரில் தொட்டதுகூட இல்லை. தரவு மட்டுமே அவர்களை வந்தடைகிறது. மில் ஹில்லில் அந்த இடைவெளி இல்லை என்பதே பின்வரும் இரு நிகழ்வுகளுக்கும் அடித்தளம்.

2009 பிப்ரவரி: காத்திருந்து பிடித்த கடப்பு

எச்டி 80606 என்பது ஏறத்தாழ 200 ஒளியாண்டுத் தொலைவில், சப்தரிஷி மண்டலத்தில் உள்ள, சூரியனை ஒத்த ஒரு விண்மீன். அதைச் சுற்றும் கோளை ஜெனீவாக் குழுவினர் 2001-இல் அறிவித்தனர். வியாழனைப்போல் நான்கு மடங்கு நிறையுள்ள அக்கோள் 111 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. ஆனால் பாதையின் மையப்பிறழ்வு, அதாவது அது வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண், 0.93 (வட்டத்துக்கு அது 0). விண்மீனிலிருந்து ஒரு முனையில், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவின் பத்தில் ஒன்பது பங்களவு விலகிச்செல்லும் கோள், மறுமுனையில் அத்தொலைவின் நூற்றில் மூன்று பங்குக்கு நெருங்கிவந்துவிடுகிறது. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 2007 நவம்பரில் இந்த நெருக்கத்தின்போது அளந்ததில், கோளின் வெப்பநிலை ஆறு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 800 கெல்வினிலிருந்து 1,500 கெல்வினுக்கு ஏறியது தெரிந்தது. அதே அளவீட்டில் மற்றொன்றும் புலப்பட்டது: கோள் தன் விண்மீனுக்குப் பின்னால் மறைந்து வெளிவந்தது.

பின்னால் மறையும் கோள் முன்னாலும் கடக்கும் என்று எளிதில் எண்ணிவிடலாம். வட்டப்பாதையாக இருந்தால் அது சரியாகவும் இருக்கும். இவ்வளவு நீண்ட நீள்வட்டப் பாதையில் அப்படி இல்லை. கோள் விண்மீனுக்குப் பின்னால் செல்லும் இடம் மிக நெருக்கமானது. முன்னால் வரும் இடம் அதைவிடத் தொலைவானது. பாதை சற்றுச் சாய்ந்திருந்தாலே அங்கே கோள் விண்மீன் வட்டுக்கு மேலாகவோ கீழாகவோ ஒதுங்கிப் போய்விடும். கடப்பு நிகழ்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. 2009 ஜனவரி இறுதியில் இம்முடிவு வெளியானது. அடுத்த வாய்ப்பு பிப்ரவரி 13-14 இரவில் இருந்தது.

15 விழுக்காட்டு வாய்ப்புக்காக ஒரு பெரிய தொலைநோக்கியின் முழு இரவையும் சில நாள் அறிவிப்பில் பெறுவது கடினம். அந்த நேரங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே குழுக்கள் கூடி மதிப்பெண் இட்டுப் பங்கிட்டுக் கொடுப்பவை. மில் ஹில்லில் அன்றைய இரவுக்கு அனுமதி கேட்க வேண்டிய குழு என்று ஒன்று இல்லை. ஃபாசியும், அப்போது அங்கே மாணவர்களாக இருந்த இங்கோ வால்ட்மனும் டேவிட் கிப்பிங்கும், 35 செ.மீ. தொலைநோக்கி ஒன்றையும் 25 செ.மீ. தொலைநோக்கி ஒன்றையும் அந்த விண்மீன்மீது திருப்பி வைத்தனர்.

அவர்கள் தேடிய மாற்றம் மிகச் சிறியது. கோள் குறுக்கே வரும்போது விண்மீனின் ஒளி நூற்றில் ஒரு பங்களவே குறையும். லண்டன் வானத்தில் மெல்லிய பனிமூட்டம் ஒன்று நகர்ந்துசென்றாலே ஒளி அதைவிடப் பன்மடங்கு கூடிக் குறையும். அளவீட்டைக் காப்பாற்றியது பக்கத்து விண்மீன். எச்டி 80606-க்கு இருபது விநாடிக்கோண அளவே (ஒரு விநாடிக்கோணம் என்பது பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) தள்ளி, நிறத்திலும் ஒளியிலும் ஏறத்தாழ அதே போன்ற எச்டி 80607 இருக்கிறது. மூட்டம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மங்கும், காற்று நடுங்கினால் இரண்டும் சேர்ந்தே துடிக்கும். ஆகவே ஒன்றின் ஒளியை மற்றொன்றால் வகுத்துவிட்டால் வானத்தின் குறும்புகள் பெரும்பாலும் ஒழிந்து, விண்மீனுக்கே உரிய மாற்றம் மட்டும் மிஞ்சும். மிகப் பெரிய தொலைநோக்கி ஒன்றுக்கு இந்த இரு விண்மீன்களும் கண்கூசும் அளவுக்கு ஒளி மிகுந்தவை. சிறிய தொலைநோக்கிக்கோ பொருத்தமானவை. இடமும் உதவியது: மில் ஹில்லின் அகலாங்கில் அந்த விண்மீன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை, பிப்ரவரி நள்ளிரவை ஒட்டி ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும்.

முழுக் கடப்பு ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிப்பது என்பதால் எந்த ஓர் இடத்திலிருந்தும் அதை முழுமையாகப் பிடிப்பது இயலாது. மில் ஹில்லில் கிடைத்தது, ஏற்கனவே மங்கிய நிலையில் இருந்த விண்மீன் விடியலை நோக்கிய மணிகளில் மெல்லப் பழைய ஒளிக்குத் திரும்பிய பகுதி, அதாவது கோள் வட்டைவிட்டு வெளியேறிய பகுதி. பிரான்சின் ஓத் ப்ரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் அதே இரவில் அளந்த குழுக்களும் இதையே தனித்தனியாகக் கண்டன. எனவே தனியொரு வெற்றி என்று இதைக் கொண்டாடுவது மிகை. ஆயினும் மூன்று தனித்த பதிவுகளுள் ஒன்று, நகர விளக்குகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கற்பித்தல் நிலையத்திலிருந்து வந்தது. அது அவ்வாண்டே ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

2014 ஜனவரி: மேகம் மாற்றிய பாடம்

அன்றைய திட்டம் வேறொரு செய்முறைப் பயிற்சி. மேகங்கள் திரண்டு வந்துகொண்டிருந்ததால் அதைக் கைவிட்டு, தானியங்கித் தொலைநோக்கிகளுள் ஒன்றில் சிசிடி கேமராவை (ஒளியை மின்னணு உணரியில் பதியும் கேமரா) கையாள்வது எப்படி என்று விளக்கிக் காட்டலாம் என ஃபாசி முடிவு செய்தார். எந்தப் பொருளைப் படமெடுப்பது என்பது அவ்வளவு முக்கியமில்லாத பயிற்சி அது. ஒளிமிகுந்ததாகவும், படத்தில் பார்ப்பதற்கு அழகாகவும், வானம் திறந்திருந்த பகுதியில் இருப்பதாகவும் இருந்ததால் எம் 82 தேர்வாயிற்று. கணக்கிட்டுப் பார்த்தால், அந்நேரத்தில் அது மில் ஹில்லின் வடகிழக்கு வானில் ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் இருந்திருக்கும். (அதே திரள் லண்டனில் மிகத் தாழ்ந்து நிற்கும் உயரம் சுமார் 31 பாகை, திருச்சியிலிருந்து பார்த்தால் அது எட்டக்கூடிய அதிகபட்ச உயரமே அவ்வளவுதான்.)

திரையில் வந்த முதல் படங்கள் சட்டகத்தைச் சரிசெய்வதற்கானவை. திரள் நடுவில் வரும்படி தொலைநோக்கியைச் சற்றே நகர்த்திக்கொண்டிருந்தபோது, திரளின் மேலேயே பதிந்திருந்த ஒளிமிக்க விண்மீன் ஒன்று ஃபாசியின் கண்ணை உறுத்தியது. எம் 82-ஐ அவர் அதற்கு முன்னர் பலமுறை பார்த்தவர். இந்த விண்மீன் அவர் நினைவில் இருந்த படத்தில் இல்லை. இணையத்தில் கிடைத்த பழைய படங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். அவற்றிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் கதை வழக்கமாக முடிக்கப்படுகிறது. என் பார்வையில் முக்கியமான பகுதி இதற்கு அடுத்த சில நிமிடங்கள். புதிய புள்ளி ஒன்று தோன்றுவதற்குச் சிசிடி படத்தில் காரணங்கள் பல உண்டு: அண்டக்கதிர்த் துகள் ஒன்று உணரியில் மோதியிருக்கலாம், ஒரு படப்புள்ளி பழுதாகி நிரந்தரமாக ஒளிரலாம், படச்சட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒளிமிக்க விண்மீன் ஒன்று கண்ணாடிகளுக்கிடையே எதிரொளித்து ஆவிபோல் பதியலாம், நம் சூரியக் குடும்பத்துச் சிறுகோள் ஒன்று தற்செயலாகக் குறுக்கே வந்திருக்கலாம். மேகம் மூடிக்கொண்டிருக்க, ஃபாசியும் மாணவர்களும் ஒரு நிமிட, இரண்டு நிமிட ஒளிப்பதிவுகளாகப் பல படங்களை வெவ்வேறு நிற வடிகட்டிகள் வழியே விரைந்து எடுத்தனர். அண்டக்கதிராக இருந்தால் அடுத்த படத்தில் மறைந்துவிடும். சிறுகோளாக இருந்தால் இடம் நகரும். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. கருவிக் கோளாறு என்ற ஐயத்தைத் தீர்க்க, அருகிலிருந்த மற்றொரு தொலைநோக்கியை அதே இடத்துக்குத் திருப்பி அதில் தனியாகப் படமெடுத்தனர். அதிலும் புள்ளி இருந்தது. ஒரே பொருளை இரண்டு குழாய்களும் இரண்டு உணரிகளும் ஒரே இடத்தில் காட்டும்போது பழியைக் கருவியின்மேல் போட முடியாது.

மாணவருக்குச் செய்முறைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக்கொடுக்கும் பிழைநீக்கப் படிகளே இவை, வேறெதுவும் இல்லை. அன்று அவை தேர்வுக்காக இல்லாமல் நடைமுறைக்காகச் செய்யப்பட்டன என்பதே வேறுபாடு. அதன்பின் புதிய கண்டுபிடிப்புகளைப் பெற்று உலகுக்கு அறிவிக்கும் வானியல் தந்திகளுக்கான மையப் பணியகத்துக்கும், நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) எடுக்கக்கூடிய பெரிய தொலைநோக்கிகளை அணுக வாய்ப்புள்ள குழுக்களுக்கும் செய்தி அனுப்பப்பட்டது. கண்டுபிடிப்பு அறிவிப்பில் ஆசிரியரின் பெயரோடு நான்கு மாணவர்களின் பெயர்களும் இடம்பெற்றன. இளநிலைப் பட்டம் முடிக்காதவர்களின் பங்கை நன்றியுரைக்குள் தள்ளிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கும்போது, இது கவனிக்கத்தக்கது.

மறுநாளே நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட் வானாய்வகத்தின் 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியே நிறமாலை எடுக்கப்பட்டு, அது 1ஏ வகை, அதாவது வெண்குறு விண்மீன் வெடிக்கும் வகை சூப்பர்நோவா என்றும், இன்னும் உச்ச ஒளியை எட்டவில்லை என்றும் உறுதியாயிற்று.

தானியங்கித் தேடல்கள் ஏன் தவறவிட்டன

இந்த நிகழ்வில் மிகவும் சங்கடமான உண்மை, அந்த வெடிப்பு ஏற்கனவே பலமுறை படமெடுக்கப்பட்டிருந்தது என்பதே. பின்னோக்கிக் கணக்கிட்டதில் அதன் முதல் ஒளி ஜனவரி 14 அன்று நம்மை வந்தடைந்தது தெரியவந்தது. கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் சூப்பர்நோவாக்களைத் தேடுவதற்கென்றே இயங்கும் கெயிட் என்ற தானியங்கித் தொலைநோக்கி, அதற்கு 37 மணி நேரம் கழித்து எம் 82-ஐப் படமெடுத்திருந்தது; மென்பொருள் அதைக் கவனிக்கவில்லை. ஜப்பானிய வானியல் ஆர்வலர் கோயிச்சி இட்டகாக்கியின் முந்தைய படங்களிலும் அது பதிவாகியிருந்தது. ஒரு வாரம் அந்த ஒளி ஏறிக்கொண்டே இருந்தும், கண்டுபிடிப்பு என்று எவரும் அறிவிக்கவில்லை.

தானியங்கித் தேடலின் பொதுவான முறை, பழைய படத்தைப் புதிய படத்திலிருந்து கழித்து மிச்சத்தைப் பார்ப்பது. சீரான, வழவழப்பான நீள்வட்டத் திரள்களில் இக்கழித்தல் சுத்தமாக அமையும். எம் 82 அப்படிப்பட்டதில்லை. விண்மீன்கள் அசுர வேகத்தில் உருவாகிக்கொண்டிருக்கும், தூசுப் பட்டைகளும் ஒளி முடிச்சுகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் திரள் அது. காற்றின் நடுக்கம் இரவுக்கு இரவு சற்று மாறினாலும் கழித்தலில் பொய்யான புள்ளிகள் முளைக்கும். அவற்றை வடிகட்டும் விதிகள், மெய்யான புள்ளியையும் சேர்த்து வடிகட்டிவிடக்கூடும். அந்தத் திரளின் முகத்தை நினைவில் வைத்திருக்கும் மனிதக் கண்ணுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

இதைக் கொண்டு மனிதர் இயந்திரத்தை வென்றார் என்று எழுதுவது தவறு. ஒவ்வோர் ஆண்டும் கண்டறியப்படும் சூப்பர்நோவாக்களில் மிகப் பெரும்பாலானவை தானியங்கித் தேடல்களின் விளைவே. மனிதக் கண்ணை நம்பியிருந்தால் அவற்றில் சிறு பங்குகூடக் கிடைத்திருக்காது. சொல்லக்கூடியது குறுகலானது: அருகிலுள்ள, ஒளிமிகுந்த, உருவம் சிக்கலான சில திரள்களில், அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணம் உள்ளவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் ஆர்வலர்களும் ஆசிரியர்களுமே. ஆராய்ச்சியாளருக்கு எம் 82-ஐ அழகுக்காகப் பார்க்க நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

அதன்பின் நடந்தவை

ஒரு மாலைநேர வகுப்பு தட்டிவிட்ட வேலை உலகின் பெரிய கருவிகள் பலவற்றைச் சில நாட்களில் ஒரே திசைக்குத் திருப்பியது. 1ஏ வகை வெடிப்புகள் விண்ணியல் தொலைவுகளை அளக்கும் அளவுகோலாகப் பயன்படுபவை. ஆயினும் எந்த விதமான இரட்டை அமைப்பு வெடிக்கிறது என்பது தீராத கேள்வி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது கணக்கிடத் தொடங்கிய எல்லை, அதாவது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் நிறை, இக்கேள்வியின் மையத்தில் நிற்கிறது. வெண்குறு விண்மீன் அந்த எல்லையை நெருங்குவது அருகிலுள்ள சாதாரண விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்றா, அல்லது இரண்டு வெண்குறு விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவதாலேயே வெடிப்பு நிகழ்கிறதா என்பதே வழக்கு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி முன்பே எடுத்துவைத்திருந்த படங்களில் அந்த இடத்தில் ஒளிமிக்க செம்பெரு விண்மீன் எதுவும் தென்படவில்லை. சந்திரா எக்ஸ்-கதிர் விண்கலம் தேடியும் எக்ஸ்-கதிர் கிடைக்கவில்லை. இவை முதல் விளக்கத்தின் சில வடிவங்களை விலக்கின, வழக்கை முடித்துவைக்கவில்லை.

தெளிவான விடை கிடைத்தது வேறொரு பக்கத்தில். இவ்வெடிப்புகளின் ஒளிக்கு எரிபொருள் கதிரியக்க நிக்கல்-56 என்பதும், அது 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகி, அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பாக மாறுகிறது என்பதும் நீண்டகாலக் கோட்பாடு. அந்தக் கோபால்ட் வெளியிடும் 847, 1,238 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர்களை 1ஏ வகை வெடிப்பொன்றிலிருந்து ஐரோப்பாவின் இன்டெக்ரல் விண்கலம் முதன்முறையாக எஸ்என் 2014ஜே-இல் பதிவுசெய்தது. உருவான நிக்கலின் நிறை சூரிய நிறையில் ஏறத்தாழ 0.6 பங்கு என்றும் அதிலிருந்து கணக்கிட முடிந்தது. இவ்வளவு அருகில் நிகழாதிருந்தால் அந்தக் கதிர்கள் அளவிட முடியாதபடி பலவீனமாக இருந்திருக்கும். லடாக்கின் ஹான்லேயில், சந்திரசேகரின் பெயரையே தாங்கிய 2 மீட்டர் இமாலயத் தொலைநோக்கியும் இந்த வெடிப்பைத் தொடர்ந்து அளந்தது.

பிப்ரவரி தொடக்கத்தில் அதன் ஒளிப்பொலிவு எண் (எண் குறையக் குறைய ஒளி மிகுதி) 10.5-ஐ ஒட்டி உச்சத்தை எட்டியது. எம் 82-இன் தூசு அதன் ஒளியில் ஆறில் ஒரு பங்கை மட்டுமே நம் பக்கம் விட்டது. அத்தூசு இல்லாதிருந்தால் எளிய பைனாகுலருக்கே அது தெரிந்திருக்கும். அப்படியும் வீட்டு மாடியில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கிகளுக்கு எட்டும் ஒளி அது. வழக்கமாக ஆராய்ச்சிச் செய்திகள் பொதுமக்களைப் படங்களாகவே அடைகின்றன. இந்த ஒன்றைச் சில வாரங்களுக்கு எவரும் தம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்தது.

எதை இதிலிருந்து எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

இரு நிகழ்வுகளுக்கும் பொதுவாக இருந்தவை மூன்று என்று கருதுகிறேன். தொலைநோக்கி நேரத்துக்கு முன்கூட்டிய பங்கீடு இல்லாததால், கடைசி நேரத்தில் மனம் மாற முடிந்தது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டாவது கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2009-இலும் 2014-இலும் இரண்டு குழாய்கள் ஒரே பொருளை நோக்கின என்பதை விவரிப்புகள் பலவும் விட்டுவிடுகின்றன. மூன்றாவதாக, வானத்தை நீண்டகாலம் பார்த்துப் பழகிய ஒருவர் மாணவரின் அருகிலேயே இருந்தார். இரு முறையும் அவர் ஒருவரே என்பது இவ்வாய்வின் பலவீனமும்கூட, ஏனெனில் அமைப்பின் பங்கு எவ்வளவு, தனிமனிதரின் பங்கு எவ்வளவு என்று இரண்டே நிகழ்வுகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடிப்புக்கான செய்முறையாக எடுத்துக்கொள்வதில் ஆபத்து உண்டு. தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிய ஒரு நிலையத்தில், எந்தச் செய்தியிலும் இடம்பெறாத இரவுகளே மிகுதி. அவற்றில் மாணவர்கள் கேமராவின் பிழைகளைக் கழிக்க உதவும் இருட்படமும் சமன்படமும் எடுத்துப் பழகினார்கள், விண்மீன் கொத்துகளின் ஒளியை அளந்து அறிக்கை எழுதினார்கள், பாதியில் மேகம் வந்து வீடு திரும்பினார்கள். சூப்பர்நோவா வருமென்ற எதிர்பார்ப்பில் கல்வி நிலையம் ஒன்று தொலைநோக்கி வாங்கினால் நிதிக்குழுவுக்கு அது காட்டக்கூடிய விளைவு பெரும்பாலும் எதுவும் இராது.

நிலைமையும் மாறிவிட்டது. 2014-க்குப் பின் பெருகிய முழுவான் கண்காணிப்புகள் சில இரவுகளுக்கு ஒருமுறை வானம் முழுவதையும் படமெடுக்கின்றன. சிறு தொலைநோக்கி முந்திக்கொள்ளும் வாய்ப்பு சுருங்கியிருக்கிறது, முற்றிலும் அற்றுப்போகவில்லை. 2023 மே மாதத்தில் எம் 101 திரளில் தோன்றிய சூப்பர்நோவாவை முதலில் கண்டவர் அதே இட்டகாக்கி. கோள்கடப்புகளில் வேலை இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. புறக்கோள்களின் வளிமண்டலத்தை ஆராய ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவத் திட்டமிட்டுள்ள ஏரியல் விண்கலம் பல நூறு கோள்களின் கடப்புகளை நேரம் குறித்துக் காத்திருந்து பார்க்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல, பழைய கணிப்புகளில் உள்ள சிறு பிழைகள் சேர்ந்து கடப்பு நேரத்தைப் பல நிமிடங்கள் முன்பின் ஆக்கிவிடும். அந்த நேரங்களை மீண்டும் மீண்டும் அளந்து திருத்துவதற்காக எக்ஸோகிளாக் என்ற திட்டம் ஆர்வலர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு நடக்கிறது. அதற்கு 35 செ.மீ. தொலைநோக்கி தாராளமாகப் போதும்.